கெண்டை வாயும் கடல் தூண்டிலும்

பேரன் வாங்கிவந்த கெண்டைத் தூண்டில், நெல்மணி அளவுதான் இருந்தது. பார்த்ததும் அப்பா நினைவுக்கு வந்தார்.

திருகோணமலைத் துறைமுகத்தில் பாரை மீன் பிடித்துப் பழகியவர். கந்தளாயில் அம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போனபோதும் அதே பெரிய தூண்டிலைத்தான் குளத்தில் போட்டார்.

"கடல் மீனே வருது. குளத்து மீனுக்கு வர ஏலாதோ?"

மாமா சின்னத் தூண்டிலில் கோதுமை மாவை உருட்டிக் குத்தி, கெண்டைகளாக இழுத்தார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்த மச்சானை வெறுங்கையோடு கூட்டிப்போக மாமாவுக்கு மனமில்லை. அப்பா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், தன் கெண்டை ஒன்றை அவருடைய தூண்டிலில் கொழுவித் தண்ணீரில் விட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பா திரும்பி வந்து அதை இழுத்தெடுத்தார்.

வீட்டில் அப்பாவின் கெண்டைக்குச் செதில் சுரண்டிய அம்மா கேட்டார்: "இந்த வாய்க்குள்ள உங்கட தூண்டில் எப்பிடிப் போனது?"

"கொண்ணரைக் கேள்," என்றார் அப்பா, மாமாவைக் கைகாட்டி. "நான் இழுத்ததோட சரி."