படலையில் நின்ற மச்சாள்

நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, கணவரின் தமக்கை பலகாரத்தோடு சாவகச்சேரியிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். ஆனால் வேலிப் படலையைத் தாண்டவில்லை.

“எனக்குத் தடிமனும் காய்ச்சலும். உள்ளுக்கு வரமாட்டன்.”

“படலையோடை திரும்பினால் சனம் என்ன கதைக்கும், மச்சாள்?” என்று கையைப் பிடித்து இழுத்து வந்து தேத்தண்ணி கொடுத்தேன்.

சில நாளில் அதே காய்ச்சலோடு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

“பிள்ளையை ஏற்றுக்கொள்ளத்தான் தாயின்ரை எதிர்ப்புச்சக்தி மாறுது. அதாலைதான் இந்த வைரஸ் உங்களை இப்பிடி வருத்துது,” என்றார் டொக்டர்.

நானும் வயிற்றிலிருந்த பிள்ளையும் தப்பினோம். மச்சாள்தான், “எல்லாம் என்னாலை,” என்று அழுதுகொண்டே இருந்தார். இழுத்து வந்தது நானல்லவா?

மகள் பிறந்த பிறகு ஒருநாள் அவர் மறுபடியும் தடிமனோடு வந்து படலையில் நின்றார். இம்முறை நான் கூப்பிடவில்லை. வாசலில் நின்று மகளை உயர்த்திக் காட்டினேன். அங்கிருந்தே கொஞ்சினார். உள்ளே வந்துபோன எல்லோரையும்விட அன்று அவரே எனக்கு நெருக்கமாக இருந்தார்.