கடிகாரத்தை மட்டும் கனடாவுக்கு அனுப்பியது

எனக்கு எழுத்து சரளமாக வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன், பாதியை மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாளையம்பட்டி ரோட்டு மேல் என் மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போடுவது, பஸ் டிக்கெட் எடுப்பது எல்லாம் உண்டு. மத்தியானம் அவன் சாப்பிட்டுக் கண்ணயரப் போகும்போது நான் கடையில் உட்காருவேன். யாராவது வந்தால், "இருங்க, மகன் வந்துருவான்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

என் சின்ன மகள் கனடாவில் டொராண்டோ என்கிற ஊரில் இருக்கிறாள். ரொட்டிக் கம்பெனியில் வேலை. வேலை முடிந்து படுக்க நடுச்சாமம் தாண்டிவிடும். சும்மாவே அவளுக்குக் கும்பகர்ணத் தூக்கம். பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் முகத்தில் தண்ணீர் தெளித்தால்தான் எழுந்திருப்பாள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று குடத்தோடு நின்ற கோடையிலும் அவளை எழுப்ப ஒரு செம்புத் தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அங்கே வயசானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. பகல் வேலை, நல்ல சம்பளம். ஆனால் காரோட்டும் லைசென்ஸ் இருந்தால்தான் தருவார்களாம். அந்தப் பரீட்சையை விடியக்காலையிலேயே வைக்கிறார்கள்.

"அலாரத்த நான் தூக்கத்துலயே அமத்திருறேம்மா. நீதான் எழுப்பணும். உன் சத்தத்துக்குத்தான் எந்திரிப்பேன்" என்றாள்.

அங்கே விடிகாலை ஆறு என்றால் இங்கே சாயங்காலம் நாலரை. கடைச் சுவர்க் கடிகாரம் நின்று வெகுகாலம் ஆயிற்று. கம்ப்யூட்டர் மூலையில் எறும்பு மாதிரி ஊரும் எண்கள் என் கண்ணுக்குப் பிடிபடாது. எனக்குப் பழக்கம் டவுன் பஸ்தான். நாலரை பஸ் கடையைத் தாண்டினால், கடைப் போனில் மகள் முகத்தைத் தொட்டுக் கூப்பிட்டுவிடுவேன். அந்தப் போனில் எனக்கு அது ஒன்றுதான் தெரியும். அவள் கார் பழகப் போன நாளெல்லாம் இப்படித்தான் எழுப்பினேன்.

பரீட்சை அன்றைக்குப் பார்த்து பஸ் பஞ்சர். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பஸ்ஸைக் காணோம். அது வந்து, நான் கூப்பிட்டு, அவள் எழுந்து ஓடுவதற்குள் பரீட்சை போய்விட்டது.

"ஏம்மா, கனடாவுல விடியறதுக்கு நம்மூரு டவுன் பஸ்ஸு வரணுமாக்கும்?" என்று மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி தேதி கிடைக்க மாசிக் கடைசி ஆகும், அதையும் விட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவள் போனில் அழுதாள்.

மகனுக்கே மனசு கேட்கவில்லை. "அந்த ஊரு மணியே ஒனக்குத் தெரியிற மாதிரி வச்சிருறேன்" என்று கம்ப்யூட்டரையே டொராண்டோவுக்கு மாற்றிவிட்டான். மாற்றியவன் மறந்தும் போனான். மறுநாள் காலையில் அவனுக்குத் தேநீர் கொண்டுபோனபோது வீரசோழன் ஊரிலிருந்து துணி வியாபாரி ஒருவர் வந்திருந்தார். விலைச் சீட்டு அடித்து வாங்கிக்கொண்டு போனவர், போன வேகத்தில் பில்லோடு திரும்பி வந்தார்.

"தம்பி, இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளிண்ணே."

"பில்லுல நேத்துத் தேதியில்ல போட்டிருக்கு! நேத்து மதுரைக்குச் சரக்கெடுக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கேன். இதப் பாத்தா அவ என்னைய என்ன கேப்பா?"

"உள்ள ஏதோ செட்டிங்கு மாறிருச்சுண்ணே..."

"எனக்குக் குடும்பமே மாறிருமேப்பா!"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு நைசாக வெளியே வந்துவிட்டேன். காலையிலிருந்து அடித்த அத்தனை பில்லிலும் முந்தின நாள் தேதி. அன்றோடு கம்ப்யூட்டர் பாளையம்பட்டிக்குத் திரும்பிவிட்டது.

என் மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு கடிகாரத்துக்காக வீட்டையே தூக்கிக் கனடாவுல வைக்கணுமாக்கும்? இங்க வாங்கத்த" என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். திரையில் கறுப்பாக ஒரு கட்டத்தைத் திறந்தாள். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. நாம் எழுதுவதுதான் அதற்குக் கட்டளை. அவள் எழுதியது இதுதான்:

TZ=America/Toronto xclock

கடைசியில் இருப்பது கடிகாரத்தின் பெயர். அதற்கு முன்னால் இருப்பது, கடிகாரம் கிளம்பும்போது அதன் காதில் மட்டும் நாம் சொல்லி அனுப்புவது. 'நீ டொராண்டோவில் இருக்கிறாய்' என்று சொல்லிவிட்டால் அது நம்பிவிடும். பில் போடுவது, டிக்கெட் எடுப்பது எதற்கும் இந்தச் சங்கதி தெரியாது. அவையெல்லாம் பாளையம்பட்டியிலேயே இருக்கும். கடிகாரத்தை மூடினால் சொன்னதும் அதோடு போயிற்று. நாளைக்கு மறுபடி புதிதாகச் சொல்ல வேண்டும்.

"இந்த ஒரு தடவைக்கு மட்டுந்தானா?"

"ஆமாத்த. யாருக்கும் எடஞ்சலில்ல."

யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றதும்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நானே அடித்தேன். ஊர்ப் பெயர் முடிந்ததும், ஒரு காரியம் முடிந்தது என்று நினைத்து, எழுதியதை அனுப்பும் பெரிய பொத்தானைத் தட்டிவிட்டேன். அப்புறம் கடிகாரத்தின் பெயரைத் தனி வரியில் அடித்தேன். கடிகாரம் வந்தது, ஆனால் நம்ம ஊர் மணியோடு வந்தது.

மருமகள் சிரித்தாள். "ஊர்ப் பேர ஒரு வரியில சொல்லிட்டு ஆள அடுத்த வரியில அனுப்புனா அதுக்கு எப்பிடித்த தெரியும்? ரெண்டும் ஒரே வரியில இருக்கணும்."

அடுத்த முறை சரியாக வந்தது. வட்டக் கடிகாரம். எண்கூடக் கிடையாது, கோடுகளும் ரெண்டு முள்ளும்தான். எனக்கு அது போதும். மறுநாளிலிருந்து அவ்வளவும் அடிக்க வேண்டியதில்லை, மேலே பார்க்கும் அம்புக்குறியைத் தட்டினால் நேற்றைய வரி தானாக வந்து நிற்கும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். தினம் மத்தியானம் கடிகாரத்தைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு உட்காருவேன். நாலரை பஸ் வரும்போது அதில் ஆறு ஆகும். ரெண்டும் ஒத்துப்போவதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோசம்.

மாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை பரீட்சை. மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மகன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். நான் கடிகாரத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முள் ஆறை நெருங்குகிறது. வெளியே பார்த்தால் ரோடு வெயிலில் காந்துகிறது. பஸ் வர இன்னும் வெகுநேரம் இருக்கிறது.

எதையோ தட்டிக் கெடுத்துவிட்டோமா? விரலை விட்டு எண்ணினேன். வெயிலை வைத்துப் பார்த்தால் இங்கே மூன்றரை, கணக்குப்படி அங்கே இப்போது ஐந்துதான். கடிகாரத்தை மூடிவிட்டு மறுபடி அனுப்பினேன். மறுபடியும் ஆறு.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "என்ன பெரியம்மா, வெரல விட்டு எண்ணிக்கிட்டே இருக்கீக?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் பேசியிருக்க மாட்டேன். அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கடிகாரம் எழுப்புங்குது. பஸ்ஸு இன்னும் வரல. யார நம்புறது தாயி?"

"பஸ்ஸ நம்பித்தான் நான் ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு வாரேன்" என்றாள். "முந்தி எழுப்புனா என்ன, ரெண்டு வசவு வையுவா. பிந்தி எழுப்புனா அழுவாளே! போனப் போடுங்க."

போட்டேன். வெகுநேரம் மணி அடித்தது. கடைசியில் ஒரு முனகல்.

"எந்திரி தாயி, விடிஞ்சிருச்சு."

"மணி என்னம்மா?"

"நீயே பாரு. எனக்குத் தெரியல."

உடனே "ஐயையோ, ஆறாயிருச்சு!" என்று ஒரு அலறல், என்னவோ தடாலென்று விழுகிற ஓசை. பெஞ்சில் இருந்தவள், "எந்திரிச்சுட்டா!" என்று கைதட்டினாள்.

நாலரை பஸ் அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்தது. அதோடு ஓடிவந்த மகன், "எழுப்பியாச்சாம்மா?" என்றான். "அவ இந்நேரம் காருல ஏறிருப்பாடா" என்றேன். அவன் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

ராத்திரி மருமகள் போனில் விளக்கினாள். அந்த நாட்டில் வருசா வருசம் அந்தச் சமயத்தில் ஊரே சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்குமாம். முந்தின நாள்தான் தள்ளியிருக்கிறார்கள். மகள் தூக்கக் கலக்கத்தில் அதை எனக்குச் சொல்ல மறந்துபோனாள். கடிகாரத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மகள் பாஸாகிவிட்டாள். புது வேலைக்கும் போகிறாள், இன்னும் நான்தான் எழுப்புகிறேன். ஆனால் இப்போது அங்கே விடிவது நம்ம ஊர் மூன்றரைக்கு.

தெரிந்தவர்கள் யாராவது இதை ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கடிகாரத்தை முன்னே தள்ளினார்களா பின்னே தள்ளினார்களா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். அந்த வரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து பிசகினால் கடிகாரம் தப்பு என்று சொல்லாது, பேசாமல் வேறு எந்த மணியையோ காட்டும் என்று மருமகள் சொல்கிறாள். இதைப் படித்துவிட்டு எங்காவது ஒரு தாய் தன் பிள்ளையை எழுப்ப உட்கார்ந்திருப்பாள்.