காபியில் கரைத்த மாத்திரை

அண்ணன் கூரையிலிருந்து விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அன்று அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோலார் பக்கம் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் லைன் வீட்டு வரிசையில் ஓடிவந்து கூடிய அத்தனை பேரும் வேறு மாதிரிதான் நினைத்தார்கள்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெங்களூரில் ஒரு கட்டடத்தில் ஏசி மெக்கானிக். மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவான். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பாக்கெட் விஸ்கி. ஞாயிறென்றால் காலையிலேயே தொடங்கிவிடும். நான் பெங்களூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன்.

விழுவதற்கு ஐந்து மாதம் முன்பு, அண்ணியும் நானும் அவனைக் கோலாரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் அரை மணி நேரம் பேசினார். குடி ஒரு நோய், அதன் அடியில் நாள்பட்ட மனச்சோர்வும் இருக்கிறது என்றார். இரண்டு மாத்திரைகள் எழுதினார். குடிக்கு ஒன்று, சோர்வுக்கு ஒன்று. முதல் மாத்திரையைப் பற்றி எங்களிடம் தனியாக இரண்டு விஷயம் சொன்னார். அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைச் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.

அண்ணன் பத்து நாள் விழுங்கினான். பிறகு டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டான்.

அடுத்த முறை நான் போனபோது அண்ணி அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கேட்டார்.

"மாத்திர கீது. அவுருதான் முழுங்க மாட்டேன்றாரு. காபில போட்டுட்டா இன்னா தம்பி?"

"டாக்டர் வேணாம்னாங்களே அண்ணி."

"டாக்டரா வந்து இங்க வாந்தி அள்றாங்க?"

அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று அண்ணி கேட்டார். அது எனக்குத் தெரியும். அறிவியல் பக்கத்துக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரையை நானே திருத்தியிருந்தேன். மூளை உயிரணுக்களின் மேல் ஏற்பிகள் என்று சில இடங்கள் உண்டு. நம் மூளையே அபின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. குடிக்கும்போது அது கூடுதலாகச் சுரந்து அந்த ஏற்பிகளில் உட்காரும். உட்கார்ந்தால் உயிரணுவுக்குள் செய்தி போகும். அதுதான் குடிகாரன் தேடும் சந்தோஷம். மாத்திரை முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் எந்தச் செய்தியும் அனுப்பாது.

"மாரிகுப்பத்துல ஏறி சீட்டுல துண்டு போட்டு வெக்கறா மாதிரி அண்ணி. துண்டு உக்காந்துகினு கீது. ஆள் உக்கார முடியாது."

அண்ணி சிரித்தார். "துண்ட எடுத்துப் போட்டுட்டு உக்காந்தா நம்ப ஜனங்க கைய ஒடச்சிடுவாங்க. நல்ல மாத்திரதான்."

மறுநாள் காலை முதல் அவனுடைய காபியில் அது கரைந்தது. கசப்பை மறைக்க அண்ணி சர்க்கரையைக் கூட்டினார். பெங்களூரில் டாக்டர் எழுதிய பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக் கொடுத்தவன் நான். இரண்டாவது மாத்திரையை நாங்கள் விட்டுவிட்டோம். குடி கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அதற்கு மருந்து கொடுத்தோம். சோர்வு எங்கள் கண்ணில் படவில்லை.

மூன்றாவது வாரம் அண்ணன் எனக்கு போன் செய்தான்.

"டேய், பேப்பர்ல போடுடா. சரக்குல இன்னாவோ கலக்கறானுங்க."

"இன்னாணா ஆச்சு?"

"தல சுத்துது, காலு பின்னுது. ஆனா ஒரு சந்தோஷமும் இல்லடா. ஜுரம் வந்தா மாதிரி கீது. இதுக்கு துட்டு வேற."

கடையை மாற்றினான். பிராண்டை மாற்றினான். மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது. மூன்றாம் மாத முடிவில் நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தான். அண்ணி என்னிடம் போனில் அழுதார். சந்தோஷத்தில்.

நான் போய்ப் பார்த்தேன். அவன் சட்டை சுத்தமாக இருந்தது. கை நடுங்கவில்லை. ஞாயிறு மாலை இருவரும் மைதானத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்து டீம் ஃபுட்பால் ஆடியது. கோல் விழுந்ததும் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அண்ணன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறு வயதில் கோல் விழுந்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன். "யாரு போட்டா?" என்று கேட்டான். நான் சொன்னேன். "ஓ" என்றான்.

மாத்திரை அவனுடைய மற்ற சந்தோஷங்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டதா, இத்தனை வருடக் குடியில் அந்த ஏற்பிகள் மழுங்கிப்போயினவா, அல்லது நாங்கள் மருந்து கொடுக்காமல் விட்ட அந்த இன்னொரு நோயா, எனக்குத் தெரியாது. பிற்பாடு மருத்துவரிடம் கேட்டபோது, பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அன்று நான் யாரிடமும் கேட்கவில்லை. குடிக்கவில்லை, அது போதும் என்று அன்று மாலையே ரயில் ஏறினேன்.

அடுத்த முறை நான் ஊரில் இருந்த ஞாயிறுதான் அவன் கூரை ஏறியது. பொழுது போகவில்லை, மழைக்கு முன்னால் ஒழுகும் ஷீட்டை மாற்றுகிறேன் என்றான். ஷீட் உடைந்தது. இடது தொடை எலும்பு முறிந்தது.

கோலாரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவசரப் பிரிவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வலிக்கு ஊசி போட்டபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. நேரம் பார்ப்பது என் தொழில் பழக்கம். அண்ணன் அலறிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது ஊசி. அலறல் குறையவில்லை. "ரொம்ப நாளாகக் குடிப்பவரா?" என்று மருத்துவர் கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

நான் திருத்திய அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தி எனக்கு வரிவரியாக நினைவில் இருந்தது. கடுமையான வலிக்குப் போடும் ஊசி மருந்துகளும் அதே ஏற்பிகளில்தான் உட்கார வேண்டும். மாத்திரை சாப்பிடுபவருக்கு அவை வேலை செய்யாது. இடம் போதவில்லை என்று அந்தப் பத்தியை வெட்டியவனும் நான்தான்.

"சொல்லுங்க தம்பி," என்றார் அண்ணி மெதுவாக.

"நீங்க சொல்லுங்க."

"எங்க வூட்டுக்காரு முன்னாடி நான் எப்படிச் சொல்றது?"

மருத்துவர் மூன்றாவது ஊசிக்கு அளவைக் கூட்டச் சொன்னார். நர்ஸ் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மணி ஒன்று ஐந்து. நான் மருத்துவர் அருகில் போய் ஆங்கிலத்தில் சொன்னேன். மாத்திரையின் பெயர், எத்தனை மாதமாக, கடைசியாக இன்று காலை, அவருக்குத் தெரியாமல். செய்தியில் எழுதுவது போலச் சுருக்கமாக.

மருத்துவர் கையைக் காட்டி நர்ஸை நிறுத்தினார். "இன்னும் கூட்டியிருந்தால் வலி போவதற்கு முன்னால் மூச்சு நின்றிருக்கலாம்," என்றார். மயக்க மருத்துவரை அழைத்தார்கள். அவர் தொடையின் மேல்பக்கம் நரம்பருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினார். அதற்கு அந்த ஏற்பிகள் தேவையில்லை. கால்மணி நேரத்தில் அண்ணன் அடங்கினான். நெற்றி வேர்வையை அண்ணி முந்தானையால் துடைக்கப் போனார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இங்கிலீஷ்ல சொன்னா எனக்குப் புரியாதா?"

"ணா, உன் நல்லதுக்குத்தான்..."

"நான் பொய்யா அலறறேன்னு நெனச்சி பாத்துகினு இருந்தியா? எவ்ளோ நேரம்டா?"

நான் சொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடம்.

மாத்திரையை நிறுத்தி, சில நாள் காத்திருந்து, ஆபரேஷன் செய்தார்கள். கம்பி வைத்த கால் இப்போது ஊன்ற முடிகிறது. வீட்டுக்கு வந்த பிறகு மனநல மருத்துவர் சொன்னபடி இரண்டு மாத்திரைகளையும் அவனிடமே நீட்டினேன். இந்த முறை நீயே முடிவு பண்ணு என்றேன்.

"இப்ப கேக்கற," என்றான். வாங்கிக்கொள்ளவில்லை. கோல் ஊன்றி நடக்க முடிந்த முதல் வாரமே மதுக்கடைக்குப் போனான். பழைய சந்தோஷம் திரும்பியிருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

அண்ணி சமைத்த எதையும் அவன் தொடுவதில்லை. சோறு, குழம்பு, மோர், ஒன்றும். கடையில் பன் வாங்கிவருவான், வாழைப்பழம் உரித்துத் தின்பான். வீட்டில் அவன் சாப்பிடுவது வேகவைத்த முட்டை மட்டும். போன வாரம் நான் போயிருந்தபோது அண்ணி இரண்டு முட்டையை ஓட்டோடு தட்டில் வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். அவன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தட்டி உரித்தான்.

"உப்பு எடுத்தாரட்டுமா?" என்று அண்ணி கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, உப்பில்லாமல் தின்றான்.