சலவைக் கூடத்துச் சுவரில் கால்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளுக்கு அது இருபத்தோராவது வருஷம். ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து உருவுவது, உலர்ந்ததை மடிப்பது, அடுக்குவது. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். வீட்டிலோ, வாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த புருஷன். அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, ஊட்டி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கை எழாமல் போனபோது டாக்டர் யோகாவுக்குப் போகச் சொன்னார். இருக்கிற வேலையில் இது ஒன்றுதான் குறைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

முதலில் நடந்தது இளசுகளின் வகுப்பு. ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு நிற்காமல் தாவிக்கொண்டிருந்தார்கள். பார்த்த அவளுக்கே மூச்சு வாங்கியது.

"அது உங்களுக்கு வேணாம்க்கா. நாள் முழுக்க ஓடிட்டுத்தானே வர்றீங்க," என்று டீச்சர் அவளை நிதானமான வகுப்பில் சேர்த்துக்கொண்டாள்.

அங்கே பூனை போல முட்டிபோட்டு முதுகை வளைத்து இறக்கினார்கள், முதுகெலும்பு இளகுமாம். குப்புறப் படுத்துப் பாம்பு போல நெஞ்சைத் தூக்கினார்கள். கூன் விழுந்த தோள் விரியுமாம். கடைசியில் சவாசனம். எதுவும் சரியாக வராத அவளுக்கு அது மட்டும் படுத்ததுமே வந்துவிட்டது. இரண்டாம் நிமிஷமே குறட்டை.

ஒரு மாதத்துக்குள் 'குறட்டை அக்கா' என்று பேராகிவிட்டது. ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "மனசு அமைதியாகட்டும்னு வர்றோம். மாவு மில்லுல படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து வகுப்புப் பக்கம் போகவில்லை. டீச்சர் போன் செய்தபோது, "நேரமில்ல டீச்சர்," என்றாள். அதுவும் பொய்யில்லை.

ஆனால் உடம்பு கேட்டது. ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், துணி அடுக்கும் அறையில் பழைய போர்வையை விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் ஏற்றிவிட்டாள். வீங்கிய காலில் தேங்கியதெல்லாம் வடிந்து இறங்குவது போலிருந்தது.

இஸ்திரி போடுகிறவள் உள்ளே வந்து திடுக்கிட்டு நின்றாள். "என்னக்கா, விழுந்துட்டீங்களா?"

"விழல. கால் வீக்கம் வத்தும். நீயும் வந்து படு."

அவள் சிரித்துக்கொண்டே படுத்தாள். சிரிப்பு அடங்கியபின் எழ மனமில்லை. அடுத்த வாரம் நான்கு பேர். சுவரோரம் எட்டுக் கால்கள். அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார்.

"இங்க என்ன நடக்குது?"

"கால் மணி நேரம்தான் சார். சாப்பாட்டு நேரத்துலதான்," என்றாள் படுத்தபடியே. எழுந்திருக்கத் தெம்பில்லை.

அவர் இடுப்பில் கை வைத்தபடி குனிந்து பார்த்தார். "இடுப்பு வலிக்கு இது கேக்குமா?"

"உங்களுக்குப் பூனைதான் சரி. நாளைக்குச் சொல்லித் தர்றேன்."

அதன்பின் அந்த அறைக் கதவை அந்தக் கால் மணி நேரம் யாரும் தட்டவில்லை. மூன்று மாதத்தில் அவள் கை துணி அலமாரியின் மேல் தட்டு வரை எழுந்தது. அலுப்பு மட்டும் எங்கேயும் போகவில்லை. விரிப்புகளும் குறையவில்லை, வீட்டு வேலையும் குறையவில்லை.

புருஷன் படுத்ததிலிருந்து கோபக்காரராகியிருந்தார், தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு சாயங்காலம் அப்படித் தள்ளியபோது, திட்டக்கூடச் சக்தியில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாலு எண்ணுற வரைக்கும் மூச்சை இழுங்க. ஆறு எண்ணுற வரைக்கும் மெதுவா விடுங்க."

முறைத்தார். பிறகு இழுத்தார். பத்துத் தடவை ஆனதும் இறுகியிருந்த தாடை தளர்ந்தது.

"இன்னும்... ஒரு தடவை," என்றார் குழறலாக.

அவள் மறுபடி எண்ணத் தொடங்கினாள். நான்குக்கு மேல் கண் செருகி, எண் தப்பிப்போயிற்று. அவர் அவளை எழுப்பவில்லை. இடக்கை விரல்களைப் படுக்கையில் ஒவ்வொன்றாகத் தட்டி, மீதியைத் தானே எண்ணிக்கொண்டார்.