பேட்டரியைக் கழற்றின பிறகும்

நம்புகிறவர்கள் நம்புங்கள். கேட்ட எனக்குச் சந்தேகம் இல்லை. இது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பட்டப்பகலில் நடந்தது.

என் மாமியார் மூன்று வருடம் படுத்த படுக்கை. கைக்குழந்தைகள் அறையில் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கருவி வாங்கியிருந்தோம். மைக் அவர் தலைமாட்டில் இருக்கும். கையடக்க ரிசீவர் என் தலையணைக்குப் பக்கத்தில். அவர் லேசாக முனகினாலும் எழுந்து ஓடுவேன். என் கணவர் ஒருநாள்கூட எழுந்ததில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று போர்வையை இழுத்துக்கொள்வார்.

ஒரே ஒரு ராத்திரி ரிசீவர் சத்தமே போடவில்லை. காலையில் பார்த்தால் அது செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டாலும் விளக்கு எரியவில்லை.

மாமியாரும் போய்விட்டிருந்தார்.

கணவர் அன்று வேலை விஷயமாக வெளியூரில். விடிந்துதான் வந்தார். நாத்தனார் வந்ததும் வராததுமாக, அத்தனை பேர் முன்னாலும் வாய் கூசாமல் கேட்டாள்.

"பேட்டரி போனதுகூடத் தெரியாம அப்படி என்ன தூக்கம் உனக்கு?"

கணவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சில மாதம் கழித்து நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்தது. போன் வந்தது.

"அந்தக் கருவி சும்மாதானே கிடக்கு? பேட்டரி மாத்தி அனுப்பு. இந்தத் தடவையாவது ஒழுங்கா மாத்து."

பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். புது பேட்டரியைக் கொடுத்த கடைக்காரர், "பழசைக் குப்பையில போடாதீங்க அக்கா. இங்கேயே கொண்டாந்து குடுத்துடுங்க" என்றார்.

மத்தியானம் மூன்று இருபது. வீட்டில் நான் மட்டும். மூடியின் திருகைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

கர்ர்ர்...

மைக் பக்கத்திலேயே பெட்டிக்குள் இருந்தது. அதன் ஒயர் சுருட்டியபடி. எதிலும் செருகவில்லை.

டிங்... டிங்...

கட்டில் கம்பியில் வளையல் இடிக்கும் சத்தம்.

"தண்ணி..."

பழக்கதோஷம். எழுந்து இரண்டடி ஓடிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த அறையில் இப்போது யாருமே இல்லை...

ஓடி வந்து பேட்டரியைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது.

குரல் அணையவில்லை.

"வந்துட்டியா...?"

என்னைக் கேட்கவில்லை. நான் போனால் "வாம்மா" என்பார்.

கதவு சாத்தும் சத்தம். மெதுவாக.

"லைட்டை ஏன்டா அணைக்கிற?"

டா.

அவருக்கு ஒரே மகன். வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

துணி உரசியது.

ஒரு மூச்சு... இழுத்து...

இன்னொன்று...

அவ்வளவுதான்.

பிரமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கம் கெட்ட மூளைக்கு என்னதான் கேட்காது?

மறுநாள் பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது போகவே இல்லையே. முனையில யாரோ கண்ணாடி டேப்பை ஒட்டி வெச்சிருக்காங்க. அப்புறம் எப்படி வேலை செய்யும்?"

நகத்தால் உரித்து, தன் சார்ஜரில் வைத்தார். உடனே விளக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாயிடுச்சா?" திரும்பாமலே கேட்டார்.

"ஆயிடுச்சு."

அன்று முதல் மாமியார் இறந்த அறையில்தான் படுக்கிறேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.