நாலு விரல் போகிற பொந்து

காலை ஆறேகாலுக்குச் செந்துறையில் பஸ் ஏறினேன். ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, விடாத தூறல். அரியலூரைத் தாண்டித் தனியாகப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. அஞ்சாவது வரை படித்ததால் பஸ் போர்டு வாசிப்பேன். ஆனால் ஒருத்தரிடம் ஒன்று கேட்கணும் என்றால் வாய் வராது. அந்தக் குணம்தான் என்னைக் கெடுத்தது என்று அன்று மத்தியானம் தெரிந்துகொண்டேன்.

போனது ஒரு அடுப்புக்காக. ஆறு வருஷத்துக்கு முந்தி எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு போட்டுத் தந்தார்கள். மண் அடுப்புதான். முன் குழியில் விறகு எரியும். சூடு உள்ளே ஒரு பொந்து வழியாகப் பின் குழிக்குப் போய் அங்கே குழம்பைக் கொதிக்க வைக்கும். மிச்சப் புகை குழாயில் ஏறிக் கூரைக்கு மேலே போய்விடும். பாதி விறகு போதும், கருவை முள் வெட்டப் போகிற நடையும் பாதியானது. ஒரு வருஷம் நன்றாக எரிந்தது. அப்புறம் புகை வந்த வழியே திரும்பி முகத்தில் அடித்தது. ஏமாத்து அடுப்பு என்று ஒவ்வொரு வீடாக இடித்தார்கள். கடைசியாக, போன சித்திரையில், கடப்பாரை எடுத்து நானும் இடித்துவிட்டுப் பழைய மூணு கல் அடுப்புக்கே திரும்பினேன்.

ஆடியில் என் வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு வந்தது. "புகை படாம வச்சுக்குங்கம்மா. இல்லாட்டி இந்த மார்கழியத் தாண்டுறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீடு ஒரே அறை, அடுப்புக்கும் கட்டிலுக்கும் நாலு எட்டு. மழையில் வெளியே சமைக்கவும் வழியில்லை. அன்றைக்கு அடுப்பு போட்டுத் தந்த தனம் என்பவள் செட்டிகுளத்துக்காரி; அவளையே கையோடு கூட்டிவரலாம் என்றுதான் புறப்பட்டேன்.

அரியலூர் இருபது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் ஆறு ரூபாய். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி ரோடெல்லாம் வெள்ளைச் சேறு. ஏழரைக்குப் பெரம்பலூர் பஸ். பக்கத்தில் லப்பைக்குடிக்காட்டு அம்மா ஒருத்தர் உட்கார்ந்தார். அவரே பேச்சுக் கொடுத்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"செட்டிகுளம். அடுப்புக்கு."

"அடுப்புக்கா இம்மாந்தூரம்! நம்ம வூட்ல கேஸுதான். மவன் சவுதிலேர்ந்து வந்தப்ப வாங்கிப் போட்டான். ஒங்க புள்ளைங்க?"

பிள்ளை இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டார் போல. ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து மூடினார்.

பெரம்பலூரில் ஒன்பதே காலுக்குச் செட்டிகுளம் பஸ். வண்டி முழுக்க வெங்காய மூட்டை. "மலைக்கா ஆயா? முருகனுக்கு நேத்தே கிருத்திகை முடிஞ்சுபோச்சே!" என்றார் கண்டக்டர். அடுப்புக்கு என்றதும் பஸ்ஸே சிரித்தது. பத்தரைக்கு இறங்கினேன்.

தனத்துக்கு நாற்பது வயசு இருக்கும். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் அதே அடுப்புதான். சுவர் வெள்ளையாகவே இருந்தது. எங்கள் சுவரில் விரல் வைத்தால் கரி ஒட்டும்.

"வாங்க பெரியம்மா. என்ன கோளாறு?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "வெள்ளிக்கிழம மெழுகுவீங்களா?" என்றாள்.

"மெழுகாம அடுப்பு பத்த வைக்கிறதா?"

"உள்ளாறயுமா?"

"கை போற மட்டும் சாணியும் செம்மண்ணும் போட்டு மெழுகுவேன். சுத்தமா இருக்கணும்ல."

அவள் என் கையைப் பிடித்துத் தன் அடுப்புக்குள் விட்டாள். பொந்தில் என் நாலு விரலும் தாராளமாகப் போயின.

"ஒங்க வூட்ல கடைசியா எத்தன வெரல் போச்சு?"

சுண்டுவிரல்கூடப் போகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பூச்சு. அந்தப் பொந்தை அடைத்தது என் கைதான்.

"வெளிய மட்டுந்தான் மெழுகணும்னு கோயில் வாசல்ல எல்லாருக்கும் சொன்னேனே!"

சொல்லியிருப்பாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் தூண் மறைவில் நின்றேன். காதில் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை சொல்லும்மா என்று கேட்க வெட்கம்.

"சரி விடுங்க. கரண்டிக் காம்பால சொரண்டினா அரை மணி வேல. நான் வரவே வேண்டாம்."

"இடிச்சுட்டேனேம்மா."

அவள் வெளியே தூறலை எட்டிப் பார்த்தாள். "இந்த மழையில புது மண்ணு காயாது. ஈர அடுப்புல தீ வச்சா வெடிச்சுரும். தை பொறக்கட்டும், நானே வந்து போட்டுத் தரேன்" என்றாள்.

தைக்கு முன்னால் மார்கழி வருகிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

கம்பஞ்சோறு போட்டாள். புறப்படும்போது பரணிலிருந்து விரல் தடிமனில் பிளந்து காயவைத்த விறகு ஒரு கட்டு எடுத்துத் தந்தாள். "காஞ்சதா, சன்னமா, ரெண்டு ரெண்டா வைங்க. பொக கம்மியா வரும்." மூன்று பஸ்ஸிலும் அந்தக் கட்டை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன். தலை நனைந்தது, அது நனையவில்லை.

வீடு வந்தபோது மணி ஐந்தரை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர், "எங்கடி ஒன் அடுப்புக்காரி?" என்றார்.

"தையில வராளாம்."

"தையிலயா? அதுவரைக்கும் நான் மூச்ச எங்க கொண்டுபோயி விடுறது?" சிரிக்கப் பார்த்து இருமினார்.

தனம் தந்த விறகில் இரண்டு வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். நீல நூல் மாதிரிதான் புகை எழுந்தது.

"இன்னிக்குப் பொகையே காணோமே. அங்க எதோ கத்துக்கிட்டுத்தான் வந்திருக்க" என்றார்.

ஆமாம் என்றேன். அவரிடம் சொன்னது அவ்வளவுதான்.

அந்தக் கட்டு மூன்று வேளைக்கு வந்தது. வாசலில் கிடந்த எங்கள் கருவை விறகெல்லாம் தண்ணீர் குடித்து ஊறியிருந்தது. வியாழக்கிழமை காலை அதைத்தான் எடுத்து அடுப்பில் வைத்தேன்.