நீள மூக்குப் பிளக்

நேற்றுக் காலையில் எதிர்வீட்டு ஜீப்பு டிரைவர் தெருவில் உட்கார்ந்து, எஞ்சினில் தீப்பொறி போடும் நாலு பிளக்கையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தான். அந்த வாசனை வந்ததும் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "மேல ஏறுற வண்டியா, ஊருக்குள்ளயே ஓடுறதா?" என்று கேட்டேன். "பெருசுக்கு வேற சோலி இல்ல" என்று சிரித்தான். இல்லைதான்.

போடிக்கு ரயில் வருவதற்கு முந்திய வருஷங்களில் நான் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கார் டிரைவர். காக்கிச் சட்டையோடு கடைவீதியில் போனால் மாடுகூட எனக்கு ஒதுங்குகிறது என்று நினைப்பு. மாடு ஒதுங்கினது கார்ச் சத்தத்துக்கு.

மதுரையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஒரு வருஷம் தொழில் பழகியிருந்தேன். பிளக்கைப் பற்றி அங்கே தெரிந்துகொண்டது இவ்வளவுதான். உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊருக்குள் மெல்ல ஓடும் வண்டிக்குக் கரி பிடிக்காது. குட்டையாக இருந்தால் சூட்டை வெளியே விட்டுவிடும். மேடு ஏற அதுதான் வேண்டும். எங்கள் காரில் இருந்தது குட்டை. கடைவீதியில் ஊர்ந்து ஊர்ந்து கரி அப்பி, வண்டி ஓயாமல் இருமியது. புதுசு வாங்க முதலாளியே என்னோடு மதுரைக்கு வந்துவிட்டார்.

கடையில் இரண்டு வகையும் எடுத்து வைத்தார்கள். முதலாளிக்கு எதையும் ஏலக்காய் மாதிரித்தான் பார்க்கத் தெரியும். ஒரு பிளக்கை உள்ளங்கையில் உருட்டினார். வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், காதோரம் வைத்துக் குலுக்கியும் பார்த்தார்! காய்க்குள் ஏலரிசி ஆடுகிறதா என்று பார்க்கிற பழக்கம். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இதுதான்டா தெரட்சியா இருக்கு. அது சூம்பிக் கெடக்கு. நீளத்தையே கட்டச் சொல்லு."

மலைப்பாதைக்கு நீளம் ஆகாது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாலு பேர் முன்னால் முதலாளி சொன்ன பிறகு டிரைவர் என்ன பேச? "சரிங்க" என்றேன்.

ஊருக்குள் வண்டி அழகாக ஓடியது. முதலாளிக்குத்தான் விவரம் அதிகமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மாசம் போயிருக்கும். மேலே ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்த என் அண்ணனுக்கு மலைக்காய்ச்சல் என்று ஆள் வந்தது. கம்பளியில் தூளி கட்டி, அடிவாரத்துக் குரங்கணிக்குத் தூக்கி வருகிறார்களாம். கார் போகும் பாதை அதுவரைக்கும்தான். முதலாளி யோசிக்கவே இல்லை. "வண்டிய எடுத்துட்டு வெரசாப் போடா" என்றார். பழைய குட்டைப் பிளக் நாலும் கொட்டகையில் ஒரு டப்பாவில் கிடந்தன. அவசரத்தில் எடுக்கத் தோன்றவில்லை.

குரங்கணிக்கு இரண்டு மைல் இருக்கும்போது, ஏற்றத்தில் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. உள்ளே சுத்தியலால் அடிக்கிற சத்தம். சுவிட்சை அணைத்த பிறகும் டக்டக்கென்று உதறிவிட்டுத்தான் நின்றது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்து கிளப்பினேன். அந்த வளைவைத் தாண்டவில்லை. மறுபடி ஆறவிட்டேன், மறுபடி கிளப்பினேன். பாவி நான், கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

காருக்காகக் குரங்கணியில் காத்துக் கிடந்தவர்கள், பொழுது உச்சி சாய்ந்த பிறகு அண்ணனைத் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கி வந்தார்கள். அண்ணனுக்குப் பல் தந்தியடித்தது. திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தார்.

"அதுக்குமாடா காச்சலு?"

தூக்கி வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

இறக்கத்தில் வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "காயில நான் மொதலாளி. எஞ்சின்ல நீதானடா. தெரிஞ்சதச் சொல்றதுக்கென்ன?" என்று கேட்டவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது பஸ்சும் ஜீப்பும் மலை உச்சிக்கே போகின்றன. எந்த வண்டிக்கு எந்தப் பிளக் என்று நம்பர் போட்டு வருகிறது. மலைக்காய்ச்சல் ஒழிந்தது, கம்பளித் தூளி போயிற்று, முதலாளியும் போய்ச் சேர்ந்தார். அரை நாள் முந்தி வந்திருந்தாலும் அண்ணன் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். மதினி அதை நம்பினார். கார் நின்றது ஏன் என்று ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலை எடுத்துக்கொண்டு போவேன். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். போன மாசியில் மதினியும் போய்விட்டார்.